பெயருள்ளோரும் எண்ணுள்ளோரும்: சவாலுந்தோ நிலக்கரி நகரின் மரபுரிமை பற்றி ஒரு விமர்சன நோக்கு

பழைய கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் காணச் செல்வதே பயணம் என்றிருந்த நிலை மாறி, கைவிடப்பட்ட ஆலைகளும் சுரங்கங்களும் பார்வையிடற்குரிய இடங்களாகக் கொள்ளப்படுங் காலம் இது. உழைப்பு நின்றுபோன இடத்திற் காட்சி தொடங்குகிறது. ஒரு காலத்தில் கரியும் புகையும் நிறைந்திருந்த கட்டடம் இன்று நுழைவுச்சீட்டுப் பெற்று உட்புகும் நூதனசாலையாகிறது. இம்மாற்றத்தை உல்லாசப் பயணத்துறையின் வளர்ச்சியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மன்னர் கட்டியவற்றையே மரபென மதித்த பழைய நோக்கைத் தாண்டி, உழைப்பாளர் வாழ்ந்து மடிந்த இடமும் மனித குலத்தின் மரபே என்று ஏற்றுக்கொள்ளும் கொள்கையொன்று இதனுள் அடங்கியுள்ளது. அக்கொள்கை நடைமுறையில் எவ்வளவு தூரம் காக்கப்படுகிறது என்பதே ஆராயப்பட வேண்டியதாகும்.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திராவிலுள்ள சவாலுந்தோ நகரம். 2019ஆம் ஆண்டு, அசர்பைஜானின் தலைநகர் பாக்கூவிற் கூடிய உலக மரபுரிமைக் குழு, 'சவாலுந்தோவின் ஒம்பிலின் நிலக்கரிச் சுரங்க மரபுரிமை' என்ற பெயரில் இந்நகரையும், அதனைக் கடற்கரையோடு இணைத்த புகையிரதப் பாதையையும், துறைமுகத்தின் கரிக் களஞ்சியத்தையும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தானாக வளர்ந்த ஊரன்று இது. ஒரே நோக்கத்துக்காக, ஒரே அதிகாரத்தால் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. ஆகவே இங்குள்ள ஒவ்வொரு கட்டடமும் ஏதோவொரு தீர்மானத்தின் விளைவாகும். பயணியொருவர் இந்நகரைக் காண்கையில் அத்தீர்மானங்களையே காண்கிறார். அவற்றை எடுத்தவர் யார், அவற்றைச் சுமந்தவர் யார் என்ற இரண்டையும் ஒருங்கே காட்டாத மரபுரிமை, பாதி மரபுரிமையே ஆகும்.

திட்டத்தின் தோற்றம்

சவா என்பது மலாய் மொழியில் நீர்பாய்ச்சிய நெல்வயலைக் குறிக்கும். லுந்தோ என்பது அவ்விடத்துப் பாயும் ஆற்றின் பெயர். குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மினாங்கபாவு மக்களின் வயலாக இருந்த நிலத்திலேயே நகரம் எழுந்தது. ஊர்ப்பெயரில் மட்டும் வயல் எஞ்சிற்று.

1860களின் பிற்பகுதியில் ஒல்லாந்த சுரங்கப் பொறியியலாளரான டி கிறேவ என்பார் ஒம்பிலின் பகுதியில் உயர்தர நிலக்கரி இருப்பதைக் கண்டறிந்தார். அதே தீவில் ஆய்வைத் தொடர்ந்த அவர் 1872இல் ஆற்றில் மூழ்கி இறந்தார். கரி இருந்தது, அதனைக் கடலுக்குக் கொண்டுசேர்க்க வழியிருக்கவில்லை. நீராவிக் கப்பலும் புகையிரதமும் உலக வணிகத்தை நடத்திய காலம் அது. கரியைக் கைக்கொண்டவனே கடற்பாதையையும் கைக்கொண்டான். எனவே ஒல்லாந்தக் குடியேற்ற அரசு மலைகளைக் குடைந்து, செங்குத்தான ஏற்றங்களிற் பற்சக்கரத் தண்டவாளம் பதித்து, பாடாங்குக்கு அண்மையிலுள்ள எம்மாகாவன் துறைமுகம்வரை பாதை அமைத்தது. 1894இல் அப்பாதை சவாலுந்தோவை எட்டிற்று. சுரங்கத்தையும் துறைமுகத்தையும் இணைத்த பாதையின் நீளம் ஏறத்தாழ 155 கிலோமீற்றர். 1930ஆம் ஆண்டளவில் ஒம்பிலின் சுரங்கங்களின் ஆண்டு உற்பத்தி 6 இலட்சத்து 20 ஆயிரம் தொன்னைத் தாண்டியிருந்தது.

இவ்வுற்பத்திக்குக் கரங்கள் தேவைப்பட்டன. தாய்வழிக் குலமுறையும் குலத்துக்குரிய பொதுநிலமும் உடைய மினாங்கபாவு மக்கள் நிலத்தின் அடியிற் புகுந்து கூலி வேலை செய்யப் பெருந்தொகையில் முன்வரவில்லை. எனவே யாவாவிலிருந்தும் சீனரிடையிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர் கொணரப்பட்டனர். குடியேற்ற நீதிமன்றங்களால் தண்டிக்கப்பட்டோர் யாவா, பாலி, சுலாவெசி முதலிய இடங்களின் சிறைகளிலிருந்து அனுப்பப்பட்டனர். சங்கிலியிற் பிணைத்துக் கொணரப்பட்டமையால் இவர்கள் 'ஓராங் ரந்தாய்', அதாவது சங்கிலி மனிதர் எனப்பட்டனர். சுரங்கம் தொடங்கிய காலம் முதல் பல ஆண்டுகளுக்கு அதன் முதுகெலும்பாக இருந்தது இவர்களது உழைப்பே. 1930களிலேயே இங்கு கைதியுழைப்பு முடிவுக்கு வந்தது.

நகர அமைப்பு இவ்வுழைப்பு முறையின் வரைபடமாகவே விளங்கிற்று. பொறியியலாளர்க்கும் அலுவலர்க்கும் தோட்டஞ் சூழ்ந்த வீடுகள். மாலைப்பொழுதைக் கழிக்க 'குளுக் அவுஃப்' என்ற கழகம். வழிபடச் சுரங்கத் தொழிலாளரின் காவற் புனிதையான பார்பராவின் பெயரிற் கோயில். தொழிலாளர்க்குத் 'தாங்சி' எனப்பட்ட நெடுங்கூடங்கள். அவர்களை மேய்க்க 'மண்டூர்' எனப்பட்ட கங்காணிமார். குளுக் அவுஃப் என்பது சுரங்கத்தினுள் இறங்குவோன் பாதுகாப்பாக மேலேறி வருமாறு வாழ்த்தும் ஜேர்மன் சுரங்கத் தொழிலாளரின் முகமன். சவாலுந்தோவில் அது சுரங்கத்தினுள் இறங்காதோர் கூடிய கழகத்தின் பெயராயிற்று. நகரத்தின் தன்மையை உணர இவ்வொரு பெயரே போதும்.

பட்டியலின் மொழி

உலக மரபுரிமைப் பட்டியலிற் பண்பாட்டு இடமொன்று சேர்வதற்கு ஆறு அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் சவாலுந்தோவுக்குப் பொருத்தப்பட்டன. மனித விழுமியங்களின் பரிமாற்றத்தைக் காட்டுவது முன்னையது. வரலாற்றுக் கட்டமொன்றை உணர்த்தும் சிறந்த கட்டட அல்லது தொழில்நுட்பத் தொகுதியாக இருப்பது பின்னையது. ஐரோப்பாவுக்கும் அதன் குடியேற்ற நாடுகளுக்குமிடையே சுரங்கத் தொழில்நுட்பம் பரிமாறப்பட்டமைக்கு இந்நகரம் சான்று என்பதே பட்டியல் கூறும் பெறுமதியின் சாரம்.

பரிமாற்றம் என்ற சொல் கவனிக்கப்பட வேண்டியது. இருவர் மனமொப்பிச் செய்யும் கொடுக்கல் வாங்கலையே அது குறிக்கும். சங்கிலியோடு வந்திறங்கியவன் எதனைப் பரிமாறினான்? அவன் கொடுத்தது அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. அவன் பெற்றது அளந்து கொடுக்கப்பட்ட சோறு. தொழில்நுட்பத்தின் வரலாற்றுக்குப் பரிமாற்றம் என்ற சொல் ஓரளவு பொருந்தலாம். உழைப்பின் வரலாற்றுக்கு அது எவ்விதத்தும் பொருந்தாது. நிகழ்ச்சிகளோடும் வாழும் மரபுகளோடும் ஓரிடத்துக்குள்ள தொடர்பை அளவிடும் ஆறாவது அளவுகோல் இங்கு இடம்பெறாமையும் மனங்கொள்ளத்தக்கது. 1927 ஜனவரியில், சவாலுந்தோவுக்கு அருகேயுள்ள சிலுங்காங்கில் பொதுவுடைமையாளர் தலைமையில் ஒல்லாந்த ஆட்சிக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டு அடக்கப்பட்டது. தொழில்நுட்பத் தொகுதி என்ற அளவுகோலால் அளக்கப்படும் நகரில் இத்தகைய நிகழ்ச்சி ஓர் இடையூறாகவே தோன்றும். இயந்திரம் கிளர்ச்சி செய்வதில்லை.

எனினும் நடுநிலை பிறழாது கூறவேண்டியதும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளரும் கைதிகளும் இங்கு உழைத்தனர் என்பதைப் பட்டியல் மறைக்கவில்லை. ஒப்புநோக்கற்கு யப்பானின் ஹாஷிமாத் தீவு உதவும். கடலுக்கு அடியிலிருந்து கரி எடுப்பதற்காகக் கொங்கிறீற் மாடிகளால் நிரப்பப்பட்ட அத்தீவு 1974இற் கைவிடப்பட்டது. மெய்ஜிக் காலத் தொழிற் புரட்சியின் இடங்களுள் ஒன்றாக 2015இல் அது பட்டியலிற் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கொரியர் முதலானோர் தம் விருப்புக்கு மாறாக அங்கு வேலை வாங்கப்பட்டமையைப் பார்வையாளர்க்கு உணர்த்துவதாக யப்பான் அப்பொழுது உறுதியளித்தது. அவ்வுறுதி முழுமையாக நிறைவேற்றப்படவில்லை என 2021இல் உலக மரபுரிமைக் குழுவே கடும் வருத்தந் தெரிவித்தது. தன் நாட்டு நிறுவனங்களின் குற்றத்தைத் தானே ஒப்பவேண்டிய நிலை யப்பானுக்கு. இந்தோனேசியாவுக்கோ குற்றவாளி அந்நிய ஆட்சியாளன். அதனாற் சங்கிலி மனிதரின் கதையைச் சொல்வது அதற்கு எளிதாயிற்று. எளிதாகச் சொல்லப்படும் கதையும் சரியாகச் சொல்லப்படுகிறதா என்பது வேறு வினா.

பெயரிடலின் அரசியல்

சவாலுந்தோவிற் பயணிகள் பெரிதும் நாடும் இடம் 'லுபாங் ம்பா சுரோ' எனப்படும் சுரங்கவாயில். 1898இல் திறக்கப்பட்டு, நீர்க்கசிவு முதலிய காரணங்களாற் பின்னர் மூடப்பட்ட இச்சுரங்கம், 2007இல் தூர்வாரப்பட்டுப் பார்வைக்குத் திறக்கப்பட்டது. தூர்வாரியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டதாக அங்கு கூறப்படுகிறது. பயணிகள் தலைக்கவசமும் சப்பாத்தும் அணிந்து, ஒளியூட்டப்பட்ட படிகளில் இறங்கி, சுவரில் மின்னும் கரிப்படையைத் தொட்டுப் பார்த்து மேலேறி வருகின்றனர்.

ம்பா சுரோ என்பவர் யார்? அவர் யாவாவிலிருந்து வந்த கங்காணி. மறைஞான வலிமை உடையவரென நம்பப்பட்டு, அச்சத்தோடும் மதிப்போடும் நினைக்கப்பட்டவர். 'ம்பா' என்பது யாவா மொழியில் மூதாதையரை விளிக்கும் மதிப்புச்சொல். சுரங்கத்தைக் குடைந்தவர் பலர். சுரங்கம் தாங்கி நிற்பதோ அவர்களை வேலை வாங்கியவரின் பெயர்.

இதனோடு வைத்து நோக்கவேண்டிய மற்றொரு காட்சி, தொழிலாளர்க்கு உணவு சமைத்த பொதுச் சமையற்கூடமாக 1918இல் அமைக்கப்பட்டு 2005இல் நூதனசாலையாக்கப்பட்ட 'கூடாங் ரான்சூமில்' உள்ளது. சங்கிலி மனிதரின் கல்லறைக் கற்கள் சில அங்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிற் பெயரில்லை, எண் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. சிறையில் இடப்பட்ட எண் சாவிலும் நீங்கவில்லை. தாய் இட்ட பெயரை அரசு இட்ட எண் விழுங்கிற்று.

மூன்றாவதாகப் புகையிரத நூதனசாலையைக் கொள்ளலாம். அதன் பெருமைக்குரிய நீராவி இயந்திரத்தை மக்கள் 'மாக் இத்தாம்' என அழைப்பர். கறுத்த மாமன் என்பது அதன் பொருள். தாய்வழிக் குலமுறையில் தாய்மாமனே குடும்பத்தின் தலைமகன். அவ்வளவு நெருங்கிய உறவுப்பெயர் ஓர் இயந்திரத்துக்கு வாய்த்திருக்கிறது. அவ்வியந்திரமும் ஒல்லாந்தர் காலத்ததன்று. நாடு விடுதலையடைந்த பின்னர், 1960களில் ஜேர்மனியிற் செய்யப்பட்டது. ஆயினும் நகரின் பழமைக்குச் சின்னமாக நிற்கிறது.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின் உண்மை புலனாகும். கண்டறிந்த பொறியியலாளனுக்குப் பெயருண்டு; வேலை வாங்கிய கங்காணிக்குப் பெயருண்டு; கரி இழுத்த இயந்திரத்துக்கும் பெயருண்டு. கரி வெட்டியவனுக்கு மட்டும் எண். திட்டமிட்டோர் வகுத்த படிநிலை, திட்டம் கலைந்த பின்னரும் நினைவின் படிநிலையாக நீடிக்கிறது. நூதனசாலை நடத்துவோர் இதனை வேண்டுமென்று செய்தனர் எனக் குற்றஞ் சாட்டுதல் நேர்மையாகாது. எஞ்சிய சான்றுகளே அதிகாரத்தின் கையால் எழுதப்பட்டவை. ஆயினும் சான்றின் குறைபாட்டை அப்படியே காட்சிக்கு வைத்துவிட்டு விலகுதல் போதுமானதன்று. எண்ணைப் பார்க்கும் பயணி, அவ்வெண் எவ்வாறு வந்தது, எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது, அதற்குரிய ஊர் எது என்று கேட்குமாறு தூண்டப்படவேண்டும். ஒம்பிலின் தொழிலாளரின் ஒரு நூற்றாண்டு வரலாற்றை வர்க்க, இனக்குழு முரண்பாடுகளோடு ஆராய்ந்த இந்தோனேசிய வரலாற்றாசிரியர் எர்விசா எர்மானின் ஆய்வுகள் இத்துறையிற் பெரும்பணி ஆற்றியுள்ளன. ஆய்வு சென்ற ஆழத்துக்குக் காட்சி இன்னும் செல்லவில்லை என்பதே குறை.

திட்டத்துக்குப் புறம்பானவை

எனினும் இந்நகரின் மரபுரிமை முழுவதும் ஆண்டோரின் மரபுரிமையே என முடிவுசெய்தல் தவறாகும். கூடாங் ரான்சூமே இதற்குச் சான்று. 'கூடாங்' என்ற மலாய்ச் சொல் தென்னிந்திய மொழிகளிலிருந்து, தமிழ்க் 'கிடங்கு' என்பதோடு உறவுடைய வடிவிலிருந்து, சென்றதென மொழியியலாளர் கருதுவர். 'ரான்சூம்' பங்கீட்டு உணவைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லின் திரிபு. இந்து சமுத்திர வணிகமும் ஐரோப்பிய ஆதிக்கமும் ஒரு பெயர்ப்பலகையிற் சந்திக்கின்றன. நாளொன்றுக்கு 65 பிகுல், அதாவது ஏறத்தாழ 4 தொன் அரிசி அங்கு நீராவியில் வெந்ததாகக் கூறப்படுகிறது. ஆளுயரத்தை எட்டும் கலங்களும் நீராவிக் கொதிகலன்களும் இன்றும் உள்ளன. பயணிகள் அவற்றின் பருமனைக் கண்டு வியக்கின்றனர். உண்மையிற் சிந்திக்க வேண்டியது அக்கலங்களின் தருக்கத்தையே. தனித்தனி அடுப்பு எரியாத இடத்தில் தனித்தனிக் குடும்பமும் இல்லை. ஒரே கலத்திற் சோறு வேகும்போது உண்போன் மனிதனாகக் கருதப்படுவதில்லை. இயந்திரத்துக்குக் கரி இடுவது போல அவனுக்குச் சோறு இடப்படுகிறது. உழைப்பாளரை எரிபொருளின் கணக்கில் வைத்த ஒரு முறைமையை இச்சமையற்கூடத்தைப் போல வேறெந்தக் கட்டடமும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுவதில்லை. நகரிலேயே நேர்மையான நூதனசாலை இதுவெனல் மிகையாகாது.

அம்முறைமையாலும் அடக்க முடியாதது ஒன்று தாங்சிகளில் வளர்ந்தது. யாவாவினர், மினாங்கபாவினர், சீனர், சுந்தர், மதுரர் எனப் பல மொழியினர் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்டனர். கட்டளையிடுவோனின் மொழி ஒன்று. அருகிற் படுப்பவனின் மொழி வேறொன்று. மலாய், யாவா, மினாங்கபாவு, சீனம், ஒல்லாந்தம் ஆகியவற்றின் கூறுகள் கலந்து 'தாங்சி மொழி' அங்கு உருவாயிற்று. எந்தப் பொறியியலாளனும் வரையாத, எந்த ஆணையும் பிறப்பிக்காத படைப்பு அது. 2018இல் இந்தோனேசிய அரசு அதனை நாட்டின் தொட்டறியாப் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. யாவாத் தொழிலாளரின் வழிவந்தோர் ஆடும் குதிரையாட்டமும் இவ்வாறே எஞ்சியது.

திட்டமிட்ட நகரின் மெய்யான மரபுரிமை திட்டத்துக்குப் புறம்பாகத் தோன்றியவற்றிலேயே உள்ளது. கட்டடங்கள் ஆண்டோரின் எண்ணத்தைக் காட்டும். மொழியும் ஆடலும் ஆளப்பட்டோரின் எண்ணத்தைக் காட்டும். கட்டடத்தைப் பேணுதல் எளிது. சுண்ணாம்பும் நிதியும் போதும். மொழியைப் பேணுவதற்கு அதனைப் பேசுவோரின் வாழ்வைப் பேணவேண்டும். மரபுரிமை நிருவாகங்கள் முதலாவதிற் காட்டும் ஊக்கத்தை இரண்டாவதிற் காட்டாமை உலகெங்கும் காணப்படும் குறைபாடாகும்.

துயரமும் வருமானமும்

இத்தகைய இடங்களைக் காட்சிப்பொருளாக்குவதையே சிலர் கண்டிப்பர். சங்கிலியிற் பிணைக்கப்பட்டோர் மடிந்த குகையில் நுழைவுச்சீட்டு விற்பது துயரத்தை இரண்டாம் முறை சுரண்டுவதாகும் என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் அறவுணர்வு உண்டு. ஆயின் அது தூரத்திலிருந்து பேசும் அறவுணர்வு. பெருஞ் சுரங்கங்கள் ஓய்வுற்றபோது வேலையிழந்த மக்கள் வெளியேறத் தொடங்க, நகரம் பாழாகும் நிலை தோன்றிற்று. 2001இல் நகர நிருவாகம் சுரங்கப் பண்பாட்டை அடிப்படையாகக் கொண்ட உல்லாசப் பயண நகராவதைத் தன் குறிக்கோளாக வகுத்தது. இன்று அங்கு வாழ்வோருட் பலர் அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள். தம் பாட்டன் வெட்டிய சுரங்கத்தைக் காட்டிப் பேரன் உண்பதைச் சுரண்டலென இகழ்தல் தகாது. சீட்டு விற்பது குற்றமன்று; எதனைச் சொல்லி விற்கிறார்கள் என்பதிலேயே குற்றமும் நியாயமும் தங்கியுள்ளன.

இன்னொரு பொய்மை இதனினும் ஆபத்தானது. நூதனசாலையாகிய ஒன்றை முடிந்துபோன காலமாகக் கருதும் இயல்பு பார்வையாளரிடம் உண்டு. தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியேறுபவர், கரிச்சுரங்கத்தின் கொடுமை பாட்டன் காலத்தோடு ஒழிந்ததென்று நிறைவடைகிறார். உண்மை அவ்வாறன்று. சவாலுந்தோ நகரெல்லைக்குட்பட்ட தலாவிப் பகுதியிற் சுரங்கத் தொழில் முற்றாக நின்றுவிடவில்லை. 2009 ஜூனில் அப்பகுதிச் சுரங்கமொன்றில் ஏற்பட்ட வெடிப்பில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2022 டிசெம்பரில், உலக மரபுரிமை என அறிவிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர், மற்றொரு சுரங்க வெடிப்பிற் பத்துப்பேர் உயிரிழந்தனர். ஒரே நகராட்சியின் எல்லையுள் ஒரு சுரங்கம் பயணிகளுக்காக ஒளியூட்டப்பட்டிருக்க, மற்றொன்றில் தொழிலாளர் வாயு வெடித்து இறக்கின்றனர். முன்னைய சாவுகள் மரபுரிமை. பின்னைய சாவுகள் நாட்செய்தி. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் துணிவு எந்த நூதனசாலைக்கு வாய்க்கிறதோ அதுவே தன் கடமையைச் செய்ததாகும்.

முடிவுரை

பழந் தொழில் நகரங்களை மரபுரிமையாகக் கொள்ளும் இக்கால நோக்கு வரவேற்கத்தக்கது. மன்னரின் கோட்டையோடு தொழிலாளியின் சமையற்கூடமும் பேணப்படுவது சமூக உணர்வின் வளர்ச்சியே. ஆனால் தொழிற்சாலையைப் பேணித் தொழிலாளியை மறக்கும் மரபுரிமை, பழைய கோட்டை வழிபாட்டின் புதிய வடிவமாகவே முடியும். தொழில்நுட்பத்தின் வெற்றியாக மட்டும் சவாலுந்தோவை வாசிப்போர் திட்டமிட்டோரின் கண்கொண்டு வாசிக்கின்றனர். கொடுமையின் களமாக மட்டும் வாசிப்போர், அக்கொடுமையினிடையே புதிதாக ஒரு மொழியையே படைத்த மாந்தரை வெறும் இரங்கற்பொருளாக்குகின்றனர். இரண்டும் குறைபட்ட வாசிப்புகள்.

பயணி, அரசு, ஆய்வாளர் ஆகிய முத்திறத்தார்க்கும் இந்நகரம் ஒரே கடமையை விதிக்கிறது. கல்லிற் பொறித்த எண்ணை மீண்டும் பெயராக்குவதே அது. பதிவேடுகளைத் துருவியும், தாங்சி மொழி பேசும் முதியோரின் வாய்மொழியைக் கேட்டும், இன்று தலாவியில் இறப்போரின் பெயர்களை அக்கற்களின் அருகே எழுதியும் அது நிறைவேற்றப்படலாம். அதுவரை, எண்ணிட்ட அக்கற்கள் சவாலுந்தோவின் காட்சிப்பொருள்களாகவன்றி, அதன் மீதுள்ள கடனாகவே நிற்கும்.